7. தாழ்ப்பாளின் உயரம்

தர்மபுரி மாவட்டத்துக் கிராமத்தில் பிறக்கும் குழந்தைக்கு முதல் கழிப்பறை ஆயாவின், அதாவது பாட்டியின், கால்கள்தான். சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களைச் சற்றே விலக்கி, அந்த இடைவெளிக்கு மேலே குழந்தையைக் குந்தவைத்து, முதுகுக்குக் கையால் அணை கொடுத்து, ‘ஸ்ஸ்ஸ்’ என்று அவர் ஒலியெழுப்புவார். கழுத்து நின்ற சில வாரங்களில் குழந்தை அந்த ஒலிக்கே ஒண்ணுக்குப் போகப் பழகிவிடும். பால் குடித்த சற்று நேரத்தில் அதே இடத்தில் ஆயும் போகும். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் உள்ள வழக்கம்தான் இது. இதில் ஒரு நுட்பம் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. வியப்பு என்னவென்றால், ஆறு மாதத்தில் சொன்னபடி போன அதே குழந்தை ஐந்து வயதில் வாசலில் நின்றுகொண்டு ‘அம்மா, கழுவி விடு’ என்று கூப்பிடுகிறது. கதவைத் திறந்துவிட, விளக்கைப் போட, ஜட்டியை இறக்க, தண்ணீர் ஊற்ற என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவர் வேண்டியிருக்கிறது. அவ்வளவு சீக்கிரம் தொடங்கிய பயிற்சி இவ்வளவு தாமதமாக முடிவானேன்? இரண்டும் ஒரே பயிற்சி இல்லை என்பதே என் விடை. சிறுநீரையும் மலத்தையும் அடக்கி வைத்து வேண்டும்போது விடுவது ஒன்று. துணையில்லாமல் போய், உட்கார்ந்து, கழுவிக்கொண்டு, கைகழுவித் திரும்புவது வேறொன்று. முதலாவது நரம்புகள் முதிர்வதைப் பொறுத்தது. நம் அவசரத்துக்கு அது அசையாது. இரண்டாவது பெரும்பாலும் அறையின் அளவுகளைப் பொறுத்தது. அவற்றை ஒரு மாலைப்பொழுதில் மாற்றிவிடலாம். நாம் முதலாவதற்கு மெனக்கெட்டு, இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் நரம்புகளைப் பார்ப்போம். பிறந்த குழந்தை ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கிறது. பை நிறைந்து அதன் சுவர் விரியும்போது செய்தி தண்டுவடம் வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து வரும் கட்டளையில் பை சுருங்க, வாயில் திறக்கிறது. ‘இப்போது வேண்டாம், கொஞ்சம் பொறு’ என்று அந்தக் கட்டளையை நிறுத்திவைக்கும் ஆற்றல் மூளையின் முன்பகுதிக்கு உரியது. இரண்டாவது, மூன்றாவது ஆண்டுகளில்தான் அது மெல்ல மெல்லக் கைகூடும். பையும் அதற்கேற்பப் பெரிதாகிறது. குழந்தையின் வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் பையின் கொள்ளளவு மில்லிலிட்டரில் தோராயமாகக் கிடைக்கும் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கு. மூன்று வயதுக்கு 120 மில்லிலிட்டர், அதாவது ஒரு சின்னத் தம்ளர் அளவு. குடலுக்கு இன்னொரு ஏற்பாடு உண்டு. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும். கைக்குழந்தைகளிடம் இது மிக வலுவாக இருக்கும். பால் கொடுத்த கையோடு குழந்தையைக் காலில் வைக்கும் ஆயா இந்த அனிச்சைச் செயலைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார். மணியோசைக்கே நாய்க்கு எச்சில் ஊறும்படி பழக்கிய பாவ்லோவின் முறைக்கு, அவர் போடும் ‘ஸ்ஸ்ஸ்’ ஒரு வகையில் உறவு.

இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு. கென்யாவின் கடலோரத்தில் வாழும் டிகோ மக்கள் பிறந்த இரண்டு மூன்று வாரத்திலேயே குழந்தையைக் காலிடுக்கில் வைத்து, ஒலி கொடுத்துப் பழக்குகிறார்கள். ஐந்தாறு மாதத்தில் குழந்தைகள் பகலிலும் இரவிலும் பெரும்பாலும் நனையாமல் இருப்பதாக 1977-இல் டிவிரீஸ் தம்பதியர் குழந்தை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். ‘குழந்தை தயாராக இரண்டு வயதாவது ஆகவேண்டும்’ என்று நம்பியிருந்த அமெரிக்க மருத்துவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்கும். நமக்கு இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கட்டுரையை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும்: அங்கே நனையாமல் இருப்பது குழந்தையும் தாயும் சேர்ந்து செய்யும் காரியம். குழந்தை முகம் சுளிக்கிறது, நெளிகிறது. தாய் அதைப் படித்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். தாய் இல்லாவிட்டால் பயிற்சியும் இல்லை. அப்படியானால் சீக்கிரம் தொடங்கிய குழந்தை சீக்கிரம் தனியாகப் போகத் தொடங்குமா? சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ரெமோ லார்கோ என்ற குழந்தை மருத்துவர் இதைப் பார்க்கும் அரிய வாய்ப்பைப் பெற்றார். அங்கே 1950-களில் பிறந்த குழந்தைகளை ஏறக்குறைய எல்லாப் பெற்றோரும் ஒரு வயதுக்குள்ளேயே பழக்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த தலைமுறைப் பெற்றோர் அவசரப்படவில்லை. ஒன்றரை வயதுக்கு மேல்தான் தொடங்கினார்கள். இரண்டு தலைமுறைகளையும் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்ததில், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வயதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அமெரிக்காவில் 2003-இல் வெளியான, 406 குழந்தைகளைப் பற்றிய ஆய்வும் அதையே வேறு விதமாகச் சொன்னது: 27 மாதத்துக்கு முன்பே தீவிரப் பயிற்சி தொடங்கினால் பயிற்சிக்காலம் நீள்கிறதே தவிர, முடியும் நாள் முன்னே வருவதில்லை. ஆயாவின் முறை தவறு என்று இதற்குப் பொருளில்லை. துணி மிச்சம், டயப்பர் செலவு மிச்சம், குந்தும் நிலை உடம்புக்குப் பழகிவிடுகிறது, போதுமான நன்மைகள்தாம். அதன் எல்லை எது என்பதைத்தான் இந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

மேலை நாடுகளில் இந்த விஷயம் பெரிய சண்டையாகவே நடந்திருக்கிறது. பாஸ்டன் நகரத்துக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1,170 குழந்தைகளின் பதிவுகளை வைத்து, குழந்தை தானாக ஆர்வம் காட்டும்வரை காத்திருங்கள் என்று 1962-இல் எழுதினார். அவர் பார்த்த குழந்தைகள் சராசரியாக 28 மாதத்தை ஒட்டிப் பகலில் பழகிவிட்டார்கள். மறுபக்கம் ஃபாக்ஸ், அஸ்ரின் என்ற இரு உளவியலாளர்கள், 34 குழந்தைகளைச் சராசரியாக நாலு மணி நேரத்தில் பழக்கிக் காட்டியதாக 1973-இல் அறிவித்தார்கள். பொம்மையை வைத்துச் செய்துகாட்டுவது, நிறையக் குடிக்கக் கொடுப்பது, செய்த உடனே பாராட்டுவது, பலமுறை ஒத்திகை பார்ப்பது என்பது அவர்கள் வழி. இரு தரப்பும் குழந்தையைப் பற்றித்தான் வாதாடின. அறையைப் பற்றி யாரும் பெரிதாக வாய் திறக்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அது சிக்கலே இல்லை. அமெரிக்கக் குழந்தைக்கென்று கடையில் சின்ன நாற்காலி போன்ற கழிகலன் (potty) கிடைக்கும். அதைக் கூடத்திலேயே வைக்கலாம். காகிதத்தால் துடைத்துவிட்டு எழுந்தால் வேலை முடிந்தது. இங்கே கதை வேறு. கொல்லை மூலையில் இருக்கும் கழிப்பறைக்கு நடக்க வேண்டும், செருப்புப் போட வேண்டும், தாழ்ப்பாளைத் தள்ள வேண்டும், இருட்டுக்குள் நுழைய வேண்டும், கோப்பையின் இருபுறமும் கால் வைக்க வேண்டும், விழாமல் குந்த வேண்டும், ஒரு கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மறுகையால் கழுவ வேண்டும், எழுந்து கோப்பைக்கும் ஊற்ற வேண்டும், சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். அமெரிக்கப் புத்தகங்களை மொழிபெயர்த்து நம் பெற்றோருக்குக் கொடுப்பவர்கள் இந்தப் படிகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த அறையே தர்மபுரிக்குப் புதியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டுக் கிராமப்புற வீடுகளில் நூற்றுக்கு 23-இல் மட்டுமே கழிப்பறை இருந்தது. தர்மபுரியோ நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் கிராமங்களில் வாழும் மாவட்டம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பெரியவர்களுக்குக் காடும் ஏரிக்கரையும், சிறுவர்களுக்கு வீட்டு ஓரமும்தான். 2014 அக்டோபர் 2-இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியது. வீட்டுக்கு 12,000 ரூபாய் மானியம் கிடைத்தது. சில ஆண்டுகளில் ஊருக்கு ஊர் சிமெண்ட் அறைகள் எழுந்தன. இவை கட்டப்பட்டது பெரியவர்களின் அளவுக்கு. மற்றவர்கள் பயன்படுத்தும் வீட்டில்கூட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பல சமயம் அந்த அறையைப் பயன்படுத்துவதில்லை. ‘அது சின்னப்பிள்ளை ஆய்தானே’ என்று மண்ணை அள்ளிப் போட்டு, முறத்தால் வாரி, குப்பைமேட்டில் எறிவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. திறந்தவெளி குழந்தைக்கு ஒரு வகையில் வசதியாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் இல்லை, இருட்டு இல்லை, கால் அகட்ட வேண்டிய பள்ளம் இல்லை. அக்காளைப் பார்த்துத் தம்பி கற்றுக்கொண்டான். அதனால் நாலு வயதுக் குழந்தை அன்று தானாகப் போய்வந்தது. அறை வந்த பிறகு அதே வயதுக் குழந்தைக்குத் துணை தேவைப்படுகிறது.

சின்னப்பிள்ளை ஆய் தீங்கற்றது என்ற எண்ணத்துக்கு அறிவியலில் இடமில்லை. வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் கிருமிகள் மிகுதியாக இருப்பது குழந்தைகளின் மலத்தில்தான், ஏனென்றால் மிகுதியாக நோயுறுபவர்கள் அவர்களே. புழு முட்டைகளும் அதில் இருக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணில் காத்திருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும், குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும், சோகை வரும். தர்மபுரிக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் செய்த ஆய்வில் மண்வழிப் புழுக்களில் முதன்மையாக இருந்தது இதுதான். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும். வீட்டோர மண்ணில் காத்திருக்கும் புழுவை அதனால் தொட முடியாது. ஒடிசாவின் பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. கழிப்பறை உள்ள வீடுகளின் விகிதம் 9 விழுக்காட்டிலிருந்து 63 விழுக்காட்டுக்கு உயர்ந்தும், வயிற்றுப்போக்கு குறையவில்லை, புழுத்தொற்றும் குறையவில்லை. கட்டிய அறையை எல்லாரும் பயன்படுத்தவில்லை என்பதும், குழந்தைகளின் மலம் பெரும்பாலும் அதற்குள் போய்ச் சேரவில்லை என்பதும் ஆய்வாளர்கள் சுட்டிய காரணங்களில் அடங்கும். குழந்தை தனியாகக் கழிப்பறைக்குப் போவது தாயின் முதுகுவலியைக் குறைக்கும் விஷயம் மட்டுமில்லை. ஊர் செலவழித்த பணம் பலன் தருமா என்பதும் அதில் இருக்கிறது.

சரி, அந்த அறையைக் குழந்தையின் உடம்பால் அளந்து பார்ப்போம். மூன்று வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 95 சென்டிமீட்டர். எடை 14 கிலோ. கையை உயர்த்தினாலும் பெரியவர் நெஞ்சளவுத் தாழ்ப்பாளை எட்டித் தள்ளுவது கடினம். துருப்பிடித்த தகரக் கதவு என்றால் முடியவே முடியாது. விளக்கின் சுவிட்ச் அதற்கும் மேலே. கோப்பையின் கால்படிகள் பெரியவரின் இடுப்பு அகலத்துக்கு வைக்கப்பட்டவை. குழந்தை தன் இடுப்பைவிட வெகு அகலமாகக் கால்களை விரிக்க வேண்டும், நடுவில் கருங்குழி. அந்த நிலையில் அதற்கு வரும் அச்சம் மூடத்தனமில்லை, சரியான பொறியியல் கணிப்பு. அடுத்து மக். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 14 கிலோ உடம்பு ஒற்றைக் கையால் ஒரு கிலோவைத் தூக்கிப் பின்பக்கம் சாய்ப்பது, 56 கிலோத் தாய் நாலு கிலோ அரிசிப் பையை அப்படிச் சாய்ப்பதற்குச் சமம். அதுவும் குந்திய நிலையில், மறுகையைக் கீழே நீட்டியபடி. அந்தத் தாயால் முடியாது; முடியாததைத்தான் பிள்ளையிடம் எதிர்பார்த்து, ‘இன்னும் கழுவத் தெரியல’ என்று குறைப்படுகிறோம். கால்படிகளின் உள்பக்கம் அகலம் குறைந்த பலகைத் துண்டு இரண்டை அசையாமல் பொருத்துவது, அரை லிட்டர் பிடிக்கும் சின்ன மக், முழங்கால் உயரத்தில் தண்ணீர், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி அல்லது கட்டிய கயிறு, பொத்தானும் கொக்கியும் இல்லாத எலாஸ்டிக் ஜட்டி, கதவில் தாழ்வாக இன்னொரு தாழ்ப்பாள்: இவ்வளவுதான் தேவை. குழந்தைக்கு இப்போதைக்குக் கோப்பை வேண்டாம் என்று முடிவுசெய்யும் வீடு, இரண்டு மூன்று வயதுவரை கழிப்பறை வாசலில் ஒரு கழிகலனை வைத்து, அதிலுள்ளதைக் குழந்தையைவிட்டே கோப்பையில் ஊற்றச் செய்யலாம். வெஸ்டர்ன் கோப்பை வாங்கியிருப்பவர்களுக்கு ஒரே குறிப்பு: கால் தொங்கக் கூடாது, கீழே முக்காலி வேண்டும். தொடை வயிற்றை நோக்கி மடங்கும்போது மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்கிறது. இஸ்ரேலில் டோவ் சிகிரோவ் 28 பேரைக் கடிகாரம் வைத்து அளந்தபோது, குந்தியவர்களுக்குச் சராசரியாக 51 நொடியும், உயரமான கோப்பையில் உட்கார்ந்தவர்களுக்கு 130 நொடியும் ஆயின. கால் தொங்கும் குழந்தை விழாமலிருக்கவே தசையை இறுக்கிக்கொள்ளும். இறுக்கிய தசையால் எதையும் வெளியேற்ற முடியாது.

குழந்தைக்கேற்ப அறையை மாற்றினால் குழந்தை மாறும் என்பது புதிய கருத்தில்லை. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் முதல் பள்ளியைத் திறந்த பிறகு நாற்காலியும் மேசையும் கைகழுவும் தொட்டியும் குழந்தையின் உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பெயரில் இன்று நம் ஊர்களில் நடக்கும் பள்ளிகள் பலவற்றில் எழுத்துப் பலகைகள் உண்டு, தாழ்வான குழாய் இல்லை என்பது வேறு விஷயம். திருச்சியில் கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் குடிசைப் பகுதிகளில் சிறுவர்க்கென்றே குறுகிய கோப்பையும் இருட்டில்லாத அமைப்பும் கொண்ட கழிப்பறைகளைக் கட்டியது. எனக்கு மிகவும் பிடித்த சான்று வங்காளதேசத்திலிருந்து வருவது. அங்கே இரண்டு கிராமப் பள்ளிகளில் கழிப்பறையிலிருந்து கைகழுவும் இடம்வரை வண்ணப் பாதை போட்டு, அதில் சின்னக் காலடிகளை வரைந்து, கைகழுவும் இடத்தில் கைத்தடங்களையும் வரைந்தார்கள். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. 4 விழுக்காடாக இருந்த சோப்புக் கைகழுவல் ஆறு வாரம் கழித்தும் 74 விழுக்காட்டில் நின்றது. கிருஷ்ண ஜெயந்தியன்று வாசலிலிருந்து பூசையறைவரை அரிசிமாவில் குட்டிப் பாதங்கள் வரையும் கைகளுக்கு இது பெரிய வேலையா? கொல்லைவாசலிலிருந்து கழிப்பறைவரை சுண்ணாம்பில் பத்துப் பாதங்கள் போதும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. எல்லாமே வீட்டு அனுபவத்திலிருந்து வருபவை என்பதால் ஒதுக்கிவிட முடியாது. முதல் மறுப்பு தண்ணீர். ‘நாங்களே குடம் குடமாகச் சுமக்கிறோம், பிள்ளை கையில் மக்கைக் கொடுத்தால் வாளி காலி’ என்பார்கள். வறட்சிக்குப் பேர்போன மாவட்டத்தில் இது நியாயமான கவலை. ஆனால் கிராமக் கழிப்பறைகளுக்கென்று வடிவமைக்கப்பட்ட சரிவு மிகுந்த கோப்பையில் நீரடைப்பு 20 மில்லிமீட்டர்தான். ஒன்றரை முதல் இரண்டு லிட்டரில் அது சுத்தமாகிவிடும். கழுவ ஒரு லிட்டர் சேர்த்தாலும் மொத்தம் மூன்று. சின்ன வாளியில் மூன்று லிட்டர் மட்டும் ஊற்றிவைத்தால் குழந்தை அதற்கு மேல் வீணாக்க வழியே இல்லை. இன்னொன்று: 2013 மே 29-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது, இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் பாழாக்கியதால்தான். அந்தக் கேடு குடிப்பதாலும் சமைப்பதாலும் வருவது. தோல் வழியாக ஃபுளோரைடு உடம்பில் ஏறாது. ஆகவே ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, போர்த் தண்ணீரைக் கழிப்பறைக்கு விடலாம்.

‘பிள்ளை சரியாகக் கழுவாது, கையில் ஒட்டிக்கொண்டு வரும்’ என்பது இரண்டாவது. உண்மைதான். சுத்தமாகக் கழுவிக்கொள்வது கடைசியாக வரும் திறமை. நாலு வயதை ஒட்டித்தான் ஓரளவு கைவரும், அதன் பிறகும் அவ்வப்போது பார்க்க வேண்டியிருக்கும். இதற்கு விடை, எல்லாவற்றையும் நாமே செய்வதில்லை, முடிவிலிருந்து தொடங்குவது. எந்த நீண்ட வேலையையும் கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுத்தால் எளிதாகப் படியும் என்பது நடத்தையியல் ஆய்வாளர்களின் நெடுநாளைய அனுபவம். தாய் கழுவிவிட்டு, கடைசி மக் தண்ணீரை மட்டும் குழந்தையை ஊற்றச் சொல்லலாம். சில நாள் கழித்துக் கடைசி இரண்டு மக். பிறகு ஊற்றுவது தாய், தேய்ப்பது குழந்தை. ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தது தானே என்ற நினைவோடு குழந்தை வெளியே வரும். ஜட்டியை மேலேற்றுவதிலும் இதே வழி: முழங்கால்வரை தாய், மிச்சம் குழந்தை. கையைப் பொறுத்தவரை சோப்பு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. வெங்காயம் வரும் வலைப்பையில் சோப்புத் துண்டைப் போட்டுத் தாழ்வாக ஆணியில் மாட்டினால் அது வழுக்கி விழாது, யாரும் உள்ளே எடுத்துப் போகவும் மாட்டார்கள். சோப்பால் கைகழுவும் பழக்கம் குழந்தைகளின் வயிற்றுப்போக்கை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நாம் கழுவிவிடும் நாள்வரை குழந்தையின் கையை யாரும் கழுவுவதில்லை என்பதைக் கவனித்தீர்களா?

மூன்றாவது மறுப்பைச் சொல்பவர் ஆயா. ‘நான் கழுவிவிட்டால் ஒரு நிமிஷம்; அவன் செய்தால் அரைமணி.’ பெற்றோர் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போக, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆயாக்கள் நிறைந்த மாவட்டம் இது. அவர்கள் சொல்வதில் அன்றைய கணக்கு சரி, ஆண்டுக் கணக்குத் தவறு. நாளுக்கு ஒருமுறை என்றாலும் ஆண்டுக்கு 365 முறை அவர் மூட்டுவலியோடு குனிந்து நிமிர வேண்டும். கற்றுக்கொடுக்கும் சில வாரங்கள் மெதுவாகத்தான் போகும். அதற்குக் காலை அவசரத்தைத் தேர்ந்தெடுக்காமல், மதியம் சாப்பிட்டு இருபது நிமிடம் கழித்துக் குழந்தையைக் கூட்டிப் போனால் குடலும் ஒத்துழைக்கும். ஊருக்கு வந்திருக்கும் அப்பா, லீவு முடியுமுன் பலகைத் துண்டும் கம்பியும் அடித்துக்கொடுத்துவிட்டுப் போகலாம். பணம் அனுப்புவதோடு சேர்த்து இதுவும் ஒரு பங்களிப்புத்தான்.

ஆபத்து பற்றிய மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நீரில் மூழ்கி 2021-இல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு ஆறும் கிணறும் தேவையில்லை. தலை கனமான இளங்குழந்தை உயரமான வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் அதனால் திரும்ப எழ முடியாது. வாளி கனமாக நிற்பதால் கவிழவும் கவிழாது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 19 லிட்டர் வாளிகளைப் பற்றிப் பலமுறை எச்சரித்தது இதனால்தான். நம் கழிப்பறைகளில் இருப்பதோ வாளியோடு டிரம்மும். என் வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றும் இந்தச் செய்தி உண்மையில் அதைத்தான் வலுப்படுத்துகிறது. டிரம்மும் பெரிய வாளியும் அந்த அறையை விட்டு வெளியேறட்டும், அல்லது அவற்றுக்கு இறுக்கமான மூடி இருக்கட்டும். மூன்று லிட்டர் மட்டும் உள்ள தாழ்ந்த சின்ன வாளி, குழந்தை சாய்ந்தால் தானும் சாய்ந்துவிடும். அப்படியும் மூன்று வயதுவரை பெரியவர் காதுக்கெட்டும் தூரத்தில் என்றால் போதாது, கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தாழ்வான தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி வைக்க வேண்டும். தரை வழவழப்பான ஓடு என்றால் அதைச் சொரசொரப்பாக்காமல் வேறெதையும் தொடங்காதீர்கள்.

அறையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மலச்சிக்கல் உள்ள குழந்தை எந்த அறையிலும் போகாது. ஒருமுறை வலித்தால் அடுத்தமுறை அடக்கும், அடக்கினால் இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். கழிப்பறையில் ஆய் போக மறுக்கும் குழந்தைகளில் பலருக்கு மறுப்பு தொடங்குமுன்பே மலச்சிக்கல் இருந்தது என்று 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. பிடிவாதம் என்று அடிக்கிறோம், மருத்துவம் தேவைப்படும் இடத்தில். இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து ஜட்டியை நனைப்பது குழந்தைக்கே தெரியாமல் நடப்பது. இரவில் படுக்கையை நனைப்பதும் இந்தக் கணக்கில் வராது: ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து குழந்தைகளுக்கு அது உண்டு, பெற்றோருக்கு இருந்திருந்தால் இன்னும் அதிகம், பெரும்பாலும் ஆண்டுகள் போகப் போக நின்றுவிடும். ஆண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளைவிட இரண்டு மூன்று மாதம் பின்தங்குவதும் இயல்பே; அமெரிக்காவில் 267 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் பகலில் நனையாதிருக்கும் வயதின் இடைநிலை அளவு பெண்பிள்ளைகளுக்கு 32.5 மாதமும் ஆண்பிள்ளைகளுக்கு 35 மாதமுமாக இருந்தது.

‘பள்ளிக்கூடம் போனால் தானாகக் கற்றுக்கொள்ளும்’ என்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வயது முடிந்ததும் குழந்தை அங்கன்வாடிக்குப் போகிறது. தமிழ்நாட்டில் அப்படி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. அங்கே சமையலையும் எடை பார்ப்பதையும் பதிவேட்டையும் சேர்த்துச் சுமக்கும் இரண்டு பெண்கள், இருபது குழந்தைகளுக்கும் கழுவிவிடுவது எப்படி? கழுவிக்கொள்ளத் தெரியாத பிள்ளை அங்கே அடக்கி வைக்கிறது, அல்லது வீட்டுக்கு வரும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் குழந்தையின் அந்தரங்க உறுப்புகளைத் தொடுவதற்கு வேறு யாருக்கும் காரணம் இருக்காது. ‘கழுவிவிடத்தான் தொட்டேன்’ என்ற சாக்கு அங்கே செல்லாது. யாராவது தொட்டால் அது வழக்கத்துக்கு மாறானது என்று குழந்தைக்கே தெரியும். பாலியல் கொடுமையிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-இல் சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்குள் அதற்கு முதல் துணை அந்த அரை லிட்டர் மக்.

இன்னும் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், பழைய கழிப்பறையைப் புதுப்பிக்கிறவர்கள், பூச்சு காயுமுன் கொத்தனாரிடம் நாலு விஷயம் சொல்லுங்கள்: இரண்டாவது தாழ்ப்பாள் தரையிலிருந்து இரண்டரை அடியில், சுவிட்ச் மூன்றடியில், தண்ணீர் படாதபடி கதவுக்கு வெளியே, கைப்பிடிக் கம்பி ஒன்றரை அடியில், ஒரு குழாய் ஓரடியில். கொத்தனார் சிரிப்பார். சிரிக்கட்டும், அளவு நாடாவை நீங்களே பிடியுங்கள்.